ஜன்னல் பக்கம் திருப்பு

“...ஒருத்தருக்கு ஜன்னல் குடுத்தா நாளைக்கு எல்லாரும் ஜன்னல் கேப்பாங்க, மாஷிமா. இது ரயில் இல்ல.”

சொன்னவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு சிஸ்டர். சொன்னது வங்காளத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். மாஷிமா என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். கொல்கத்தாவில் என் வயதை எட்டிய பெண்கள் அத்தனை பேரும் ஊருக்கே மாஷிமாதான். திட்டுவதாக இருந்தாலும் முதலில் நம்மை உறவாக்கிக்கொண்டுதான் திட்டுவார்கள்.

எனக்குப் பள்ளிக்கூடம் குறைவு, காது அதிகம். யாராவது ஒன்றை நறுக்கென்று சொல்லிவிட்டால், அது எனக்கு எதிராகவே இருந்தாலும், ஒரு நொடி நின்று ரசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அன்றும் ரசித்தேன். பிறகு பதிலும் சொன்னேன். அந்தப் பதிலுக்கு வருவதற்கு முன், ரயில் இல்லாத இடத்தில் நான் ஏன் ஜன்னலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் கிதர்ப்பூர் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரேனை ஓட்டுகிறவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார். கப்பலின் வயிற்றுக்குள் சுமை எங்கே தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியாது. கீழே விளிம்பில் நின்று பார்க்கிற ஆளின் கைதான் அவருக்குக் கண். அந்த இரைச்சலில் வாயால் பேசுவது வீண். சுட்டுவிரலை மேலே காட்டி வட்டம் போட்டால், தூக்கு. கீழே காட்டி வட்டம் போட்டால், இறக்கு. கையை ஒரு பக்கமாக நீட்டிக் காட்டினால், சுமையை அந்தப் பக்கம் திருப்பு. உள்ளங்கையைக் கவிழ்த்து அப்படியும் இப்படியும் வீசினால், நிறுத்து. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், எல்லாம் இருந்தபடி இருக்கட்டும், யாரும் எதையும் அசைக்காதே.

துறைமுகம் அவருடைய காதில் பாதியைத் தின்றுவிட்டது. அதனால் வீட்டிலும் கையால் பேசுவதே அவருக்குச் சுலபமாகிவிட்டது. விரல் மேலே சுழன்றால் இன்னொரு தோசை. கீழே சுழன்றால் டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மின்விசிறியை. உள்ளங்கை வீச்சு பெரும்பாலும் என் பேச்சுக்குத்தான் கிடைக்கும். நான் அதை மதித்ததில்லை என்பது வேறு விஷயம். எங்கள் மகள் லேக் மார்க்கெட் பக்கத்து வாடகை வீட்டில் வங்காளப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளமாக வரும். ஆனால் அப்பாவின் கைமொழி அவளுக்கு அந்த இரண்டுக்கும் முந்தியே வந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் அவருக்கு வந்த காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிட்டது. மூச்சு விடுவதே வேலையாகிப் போன நிலையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வாய் வழியாகக் குழாய் இறக்கி, மூச்சு மெஷினோடு இணைத்து, தூக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவர் உயிரைப் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்கள்தான். அதை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்வேன். என் வழக்கு அவர்களோடு இல்லை. அந்த அறையோடு.

அந்த அறையைச் சொல்கிறேன். மேலே வரிசையாக வெள்ளை விளக்குகள். காலையில் போனாலும் சாயந்தரம் போனாலும் அதே வெளிச்சம். நிழல் என்று ஒன்று தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை. கூரையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட பலகைகள். நல்ல புத்தியோடு நிற்கிற எனக்கே, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் அந்தப் பொட்டுகள் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தன. சுவரில் ஒரு கடிகாரம், ஓடாத கடிகாரம். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு மெஷின் கூட்டம், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குரல். ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற காரைப் போலக் கத்தும். ஒன்று கதவு சரியாகச் சாத்தாத ஃப்ரிட்ஜைப் போல முனகும். யாருடைய மெஷின், எதற்குக் கத்துகிறது என்று படுத்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? தன்னுடையது என்றுதான் நினைப்பார். ஒவ்வொரு கத்தலுக்கும் தான் சாகப்போவதாக நினைத்துப் பாருங்கள். என் வீட்டுக்காரருக்குப் பேச்சு பாதிதான் கேட்கும். இந்தக் கத்தல் முழுதாகக் கேட்கும். நடுவில் அவர் தலைக்கு மேலே இரண்டு நர்ஸ் பெண்கள், துர்கா பூஜைக்குப் புடவை எடுக்க கரியாஹாட் கடைத்தெருவுக்கு எப்போது போகலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த அறையில் மனிதக் குரல் அது ஒன்றுதான்.

அவருடைய மூக்குக் கண்ணாடியை முதல் நாளே கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் இருப்பது மனிதனா திரைச்சீலையா என்பதே தெரியாது.

வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அண்ணன் உள்ளே இருந்தார். பொரியை மடியில் கொட்டிக்கொண்டு, கடுகெண்ணெய் வாசம் வர மென்றுகொண்டே, அக்கா என்பதற்கு ‘திதி’ போட்டு என்னிடம் சொன்னாள்: “ஐசியு ஒரு ஃப்ரிட்ஜ், திதி. ஆள் கெட்டுப்போகாம இருப்பாங்க. ஆனா அதுக்குள்ள யாராவது குடியிருக்க முடியுமா?”

“ஃப்ரிட்ஜில கூட கதவச் சாத்துனா வெளக்கு அணையும்மா” என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பாதிப் பொரியை என் பக்கம் தள்ளினாள். என் வங்காளம் லேக் மார்க்கெட் காய்கறிக் கடைகளில் கற்றுக்கொண்டது. அதில் பேரம் பேசலாம், நட்பு பிடிக்கலாம். மரியாதையாகச் சண்டை போடத்தான் வராது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் அவர் தூங்கிக்கொண்டே இருந்தார். நான் போகும்போதெல்லாம் போர்வைக்குள் கைகள் அசையாமல் கிடந்தன. பிறகு நுரையீரல் தேறிவருவதாகச் சொல்லி மருந்தைக் குறைத்தார்கள். குறைத்ததும் சிக்கல் தொடங்கியது. என்னையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து டாக்டர் விளக்கினார். சின்ன வயதுக்காரர், தூக்கம் போதாத கண்கள், பொறுமையான பேச்சு. என் வீட்டுக்காரர் விழித்ததும் முரண்டு பிடிக்கிறாராம். கையை வீசுகிறாராம், விரலைச் சுழற்றுகிறாராம், கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறாராம். குழாயைப் பிடுங்கிவிடுவாரோ என்று கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டி, மறுபடி தூக்க மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். தூக்க மருந்து ஓடும்வரை குழாயை எடுக்க முடியாது. குழாய் ரொம்ப நாள் வாயில் இருக்கவும் கூடாது. அதனால் கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு கொடுக்க வேண்டியிருக்கலாம் என்றார்.

அந்த ஓட்டை பல பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது, எனக்குத் தெரியும். வேறு வழி இல்லையென்றால் நானே முதலில் தலையாட்டியிருப்பேன். ஆனால் இங்கே வழியை அடைத்தது நோய் இல்லையே. நுரையீரல் தேறுகிறது, ஆள் அடங்கவில்லை என்பதற்காக ஒரு மனிதரின் கழுத்தைத் துளைப்பதா?

“புத்தி குழம்பியிருக்கு, ஆன்ட்டி” என்றார் டாக்டர். “ஐசியுவுல நிறைய பேருக்கு வர்றதுதான். இடம், நேரம் எல்லாம் கலங்கிப்போகும்.”

“நெறைய பேருக்கு வருதுன்னா, அது ஆளோட கோளாறா, எடத்தோட கோளாறா?”

மகள் மேசைக்கு அடியில் என் கையைக் கிள்ளினாள். டாக்டர் கொஞ்சம் யோசித்து, “ரெண்டும்தான்” என்றார். நேர்மையான பிள்ளை.

“ஆளுக்கு மருந்து குடுக்கிய. எடத்துக்கு என்ன குடுக்கிய?”

என் கேள்வியை நல்ல வங்காளத்தில் மாற்றிச் சொல்லிவிட்டு, அம்மா கவலையில் பேசுகிறாள் என்று மகள் சமாதானமும் சேர்த்தாள். கவலையில்தான் பேசினேன். கவலையில் பேசினால் கேள்வி தப்பாகிவிடுமா?

மறுநாள் சாயந்தரம் பார்வை நேரத்துக்கு நான் மட்டும் போனேன். மகளுக்கு சால்ட் லேக் ஆபீசில் மீட்டிங். நல்ல மழை. மடக்குக் குடையைத் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு, அவர்கள் கொடுத்த அங்கியை மேலே மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அப்போதுதான் குழாய் போட்ட பிறகு முதல் தடவையாக அவர் விழித்திருப்பதைப் பார்த்தேன். நெற்றி சுருங்கி, கண் கூசி, பாதி மூடியபடி கிடந்தார். இரண்டு மணிக்கட்டும் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. கையைத் தூக்க முடியாது. ஆனால் வலது கையின் சுட்டுவிரல் மட்டும், கட்டுக்கு வெளியே, தரையைப் பார்த்து வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது.

பொறுப்பு சிஸ்டர் பக்கத்தில் நின்று, “பாருங்க மாஷிமா, நாள் பூரா இதேதான்” என்றார். ஐம்பதை ஒட்டிய வயது, உட்கார்ந்து நான் பார்த்தே இராத பெண். நல்லவர் என்பதால் அதையும் சொன்னார்: கட்டுவதற்கு முன்னால் எப்போது தான் ஊசியோடு போனாலும், சளி உறிஞ்சும் குழாயோடு போனாலும், மனிதர் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிடுவாராம். “எனக்கே கஷ்டமா இருந்துச்சு. இவ்வளவு பெரியவர் என்னைக் கும்பிடறாரேன்னு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கும்பிடுவதா? எல்லோரும் எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள், என்னைக் கொஞ்ச நேரம் தொடாதீர்கள் என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். துறைமுகத்தில் அந்தச் சைகைக்குக் கிரேனே நின்றுவிடும். இங்கே ஒருவரும் நிற்கவில்லை. விரல் சுழல்வது புத்திக் கலக்கம் இல்லை. எதையோ இறக்கு, குறை என்கிறார். எதை? அண்ணாந்து பார்த்தேன். அவர் முகத்துக்கு நேர் மேலே விளக்கு.

அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்கச் சொன்னேன். வரிசைக்கே ஒரே சுவிட்ச், ஒன்றை மட்டும் அணைக்க முடியாது என்றார் சிஸ்டர். கண்ணை மூட ஒரு துணியாவது போடுங்கள் என்றேன். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார். நானும் அவருக்கு விளக்கிச் சொல்லத்தான் பார்த்தேன். துறைமுகம், கிரேன், சைகை என்று என் காய்கறிக்கடை வங்காளத்தில் ஆரம்பித்து, பாதியில் வார்த்தை தீர்ந்துபோய் நின்றேன்.

வார்த்தை தீர்ந்தால் கைதான். பையிலிருந்து குடையை எடுத்தேன். அவர் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்தேன்.

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. புடவைப் பேச்சு நின்றது. சிஸ்டர் விறுவிறுவென்று வந்தார். “மாஷிமா, உள்ள என்ன மழையா பெய்யுது?”

“மழை இல்ல சிஸ்டர், வெயிலு. சாயவே சாயாத வெயிலு.”

குடைக்கம்பியின் நுனியிலிருந்து ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. அவருடைய கண் முழுதாகத் திறந்தது. விரல் நின்றது. கட்டியிருந்த கை தளர்ந்தது. ஈரமான அந்தக் கன்னத்தை அவர் கொஞ்சம் திருப்பினார், இன்னொரு சொட்டு வருமா என்று பார்ப்பவரைப் போல. நான் பார்த்தேன். சிஸ்டரும் பார்த்தார்.

பிறகுதான் குடையைப் பிடுங்கினார். வெளியிலிருந்து வந்த அழுக்குக் குடை, உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஆபத்து என்று அவர் சொன்னது நியாயம்; ஒத்துக்கொண்டேன். உடனே பஞ்சை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு தன் விரல்களில் ஒட்டியிருந்த ஈரத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். “வெளிய மழையா?” என்று கேட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. விடியற்காலையில் டூட்டிக்கு வந்தவராம். “வர்றவங்க குடைய வெச்சுத்தான் எங்களுக்கு மழையே தெரியும்” என்றார். சொல்லிவிட்டு, என்னை வெளியே கொண்டுபோய் விடும்படி காவலாளியைக் கூப்பிட்டார்.

அதற்குள் மகளுக்குப் போன் போயிருந்தது. நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள்.

“அம்மா, ப்ளீஸ். ஐசியுவுக்குள்ள குடை விரிச்சியாமே. செக்யூரிட்டி கூட சிரிக்கிறான்.”

“சிரிக்கட்டும்ட்டி. அப்பா பேசுதாவ. இவங்கதான் கையக் கெட்டிப் போட்டிருக்காங்க.”

“அது டெலிரியம்மா, புத்திக் குழப்பம். டாக்டர் சொன்னாரில்ல? நீ பார்க்கணும்னு நினைக்கிறதைப் பார்க்குற.”

நான் வாதாடவில்லை. போய்ப் பார் என்று மட்டும் சொன்னேன். கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்ச நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக எனக்கு அவள் முதுகு தெரிந்தது. குனிந்து அவரிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சில் என் மகள்தானே. திடீரென்று நிமிர்ந்தாள். வெளியே வந்தபோது அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது.

“என்னைப் பார்த்து ‘நிறுத்து’ன்னாரும்மா. கட்டின கையோட. உள்ளங்கையை இப்படி.”

“ஒன்னையுமா?” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மறுநாள் காலை அவள் ஆபீஸ் போகவில்லை. நான் நின்றுபோன இடத்திலிருந்து தொடங்கி, தன் நல்ல வங்காளத்தில் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் ஒவ்வொரு சைகையாகச் செய்து காட்டி விளக்கினாள். கை சேர்ப்பது வந்தபோது சிஸ்டர் இடைமறித்தார். “அப்ப என்னைக் கும்பிடலையா?”

“இல்ல திதி. கொஞ்சம் சும்மா இருங்கன்னு சொல்லியிருக்கார்.”

சிஸ்டர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேலே கண்களில் தெரிந்தது.

டாக்டர் ஒரு வழி சொன்னார். தூக்க மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். கையை அவிழ்த்துவிடலாம், ஆனால் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். குழாயை நோக்கிக் கை போனால் பிடிப்பது என் பொறுப்பு. இன்று முழுவதும் அமைதியாக இருந்தால் நாளைக்குக் குழாயை எடுத்துவிடலாம். மறுபடி முரண்டு பிடித்தால் கழுத்தில் ஓட்டைதான், அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டேன். இந்தத் தடவை சிஸ்டர் தடுக்கவில்லை.

கட்டை அவிழ்த்ததும் அவர் கையைத் தடவிக்கொடுத்தேன். துணி அழுத்திய இடம் சிவந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் என்னை அடையாளம் கண்டுகொண்டது. நான் பேசினேன்: கீழ்வீட்டு அம்மா மீன் குழம்பு கொடுத்தனுப்பியதை, தமிழர்களான நாமும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான் என்பதை அந்த அம்மா இன்னும் நம்ப மறுப்பதை, மகள் நனைந்து வந்ததை. அவர் ‘நிறுத்து’ காட்டவில்லை. எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஆனால் முழு அமைதி வரவில்லை. எங்காவது ஒரு மெஷின் கத்தினால் அவர் உடம்பு விறைக்கும். உடனே இடது பக்கமாக உடலைத் தூக்கி எழப் பார்ப்பார். அவருடைய மெஷினும் சேர்ந்து கத்தும். அந்தப் பக்கமாக வந்த டாக்டர் மெஷின் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தார். மகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் கையை விட்டுப் போகிறது என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த தடவை அவர் எழப் பார்த்தபோது, நான் தோளைப் பிடித்து அமுக்கவில்லை. கையைக் கவனித்தேன். இடது கை நேராக நீண்டு ஒரு பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இறங்குகிற ஆள் கையை ஊன்றுவான். இவர் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையின் வழியே பார்த்துக்கொண்டு போனேன். அறையின் கோடியில் ஒரு கட்டிலுக்கான காலி இடம், அன்று காலையில்தான் அங்கே இருந்தவர் தேறி, கட்டிலோடு சாதாரண வார்டுக்குப் போயிருந்தார். அதற்குப் பின்னால் சுவர் முழுக்கக் கனத்த பச்சைத் திரை. திரையின் ஓரத்தில், தரையில், ஒரு கோடு வெளிச்சம். மற்ற வெளிச்சம் மாதிரி இல்லை. மேகம் போகும்போது மங்கியது, திரும்ப வந்தது.

எழுந்து போனேன். திரையை விலக்கினேன். ஜன்னல்.

ரொம்பப் பிரமாதமான காட்சி என்று சொல்ல மாட்டேன். எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடி, கருப்புத் தண்ணீர்த் தொட்டி, மழை விட்ட நேரம் பார்த்து அவசரமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், தொட்டியின் மேல் ஒரு காகம். அவ்வளவுதான். ஆனால் அது பகல். பார்த்த மாத்திரத்தில் பகல் என்று தெரிகிற பகல். இத்தனை நாளும் அது இதே அறையில், திரைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. மெஷின் திரைகளில் வெயில் பட்டு எழுத்து தெரியாமல் போகிறது என்று எப்போதோ யாரோ மூடியிருக்கிறார்கள். பிறகு யாருக்கும் திறக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்து சிஸ்டரிடம் கேட்டேன்: இவரை அந்தக் கட்டில் இருந்த இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கேயும் சுவரில் ஆக்சிஜன் இருக்கிறது, பிளக் இருக்கிறது. சிஸ்டர் முடியாது என்றார். அந்த இடம் அடுத்து வருகிறவருக்கு. ஜன்னல் என்பது இங்கே யாருக்கும் கொடுக்கிற பொருள் இல்லை. நான் விடவில்லை. என் குரல் கூடியது, அவர் குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் அதிகம் பயமுறுத்தும். கடைசியில்தான் இந்தக் கட்டுரையின் முதல் வரியில் இருக்கிறதைச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடிக்க நினைக்கிற இடத்தில் அதற்கு இடம் இருக்காது. என் வீட்டுக்காரர் கழுத்தில் இன்றைக்கு எந்தத் தழும்பும் இல்லை. பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். சத்தத்தை இறக்கச் சொல்லி இப்போது விரல் சுழற்றுவது நான். ஜன்னல்தான் அவரைக் காப்பாற்றியது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மருந்து காப்பாற்றியது, மெஷின் காப்பாற்றியது, தூங்காத அந்த டாக்டர் பிள்ளை காப்பாற்றினார். ஆனால் குழாய் வெளியே வந்த பிறகு, கரகரத்த குரலில் அவர் முதலில் சொன்னது இதுதான்: கப்பலின் அடித்தளத்தில் கிடப்பதாகவே நினைத்தாராம், மேலே மூடி போட்டுவிட்டார்களாம், வேலை முடிந்தும் விளக்கை அணைக்காமல் போய்விட்டார்களாம். “எவ்வளவு காட்டியும் மேல இருந்த பயலுக்குக் கண்ணு தெரியல” என்றார்.

மேலே யாரும் இல்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒருத்தர் இருந்தார். அவரிடம்தான் அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருந்தேன்.

“கேக்கட்டும் சிஸ்டர்” என்றேன். “எல்லாரும் கேக்கட்டும். ஜன்னல் கேக்கணும்னா ஆளு உசிரோட இருக்கணும், புத்தியோட இருக்கணும். அதுக்குத்தான இத்தன மெஷினு? நீங்களும் கேளுங்க. அடுத்தவங்க குடையப் பாத்து மழையத் தெரிஞ்சுக்கிடுதிய. ஒங்களுக்கும் சேத்துத்தான் கேக்குதேன்.”

எத்தனை தப்பான வங்காளம் அதில் இருந்ததோ, எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பி உட்காரவில்லை. அறைக்கு நடுவில், ஓடாத கடிகாரத்துக்குக் கீழே நின்றேன். தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டால்தான் போவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்தார். இடது கை இன்னும் நீண்டே இருந்தது. சுமை வந்து சேரும்வரை கையை இறக்கக் கூடாது என்பது அவர் வேலையில் பாடம்.

“இப்ப என்ன சொல்றார்?” என்று கேட்டார் சிஸ்டர்.

“சுமைய அந்தப் பக்கம் திருப்புங்காவ.”

“எந்தச் சுமை?”

“வேற எது. அவுகதான்.”

சிஸ்டர் கோடியில் இருந்த திரையைப் பார்த்தார். நான் விலக்கிவிட்டு வந்த இடைவெளியில் அந்தப் பெண் இன்னும் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். புடவை பேசிய இரண்டு பெண்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருத்தியை மெஷின் பக்கமும் ஒருத்தியை ஊசி மருந்துக் கம்பத்தின் பக்கமும் நிற்க வைத்தார். வாய்க்குழாயைத் தொட்டுப் பார்த்துச் சரி செய்தார். பிறகு கால்மாட்டுக்கு நடந்து போய், சக்கரங்களைப் பூட்டியிருந்த பிரேக்கை வெள்ளைச் செருப்புக் காலால் ஒரே மிதியில் விடுவித்தார்.